குடம் நிறைக்கும் பேய்

இன்னும் இருபத்தோரு மணி நேரம் இருந்தது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு, வாசலில் நின்ற அந்த மஞ்சள் ஜேசிபி நகரும். ஹில் வியூ ஹோட்டலின் முன்சுவரில் முதல் இடி விழும். அதற்குள் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். உள்ளே இருப்பது பேயா, ஆளா?

"பேயா இருந்தா நல்லதுக்கா," என்றான் கிருபா, பைக்கை நிறுத்திக்கொண்டே. "இடிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. வேற வாடகை வீடு பாத்துக்கும்."

மதிவதனி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "ஆளா இருந்தா?"

"ஆளா இருந்தா..."

"நாளைக்கு ஒம்பது மணிக்கு மேல அதுவும் பேய்தான்."

கிருபாவுக்கு முதுகில் வேர்வை இறங்கியது. பயம் வந்தால் அவனுக்கு வாய் ஓயாது. வாய் ஓய்ந்துவிட்டால் அது பெரிய பயம். மதிவதனியிடம் வேலைக்குச் சேர்ந்த இந்த நாலு வருடத்தில் அவன் வாய் ஓய்ந்தது இரண்டே முறைதான். பீளமேட்டில் ஒரு மெக்கானிக் கடை மாடியில் இருந்தது அவர்களுடைய துப்பறியும் அலுவலகம். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான் வரும். பையன் குடிப்பானா, சொன்ன சம்பளம் நிஜமா, ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா. பேயை விசாரிக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை.

தொண்டாமுத்தூரைத் தாண்டி, தென்னந்தோப்புகள் முடிந்து மலை எழும்பும் இடத்தில் இருந்தது அந்த ஹோட்டல். மாடியோடு சேர்த்துப் பதினான்கு அறைகள். ஒரு காலத்தில் மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர்களும், பம்பாயிலிருந்து வந்த பஞ்சு வியாபாரிகளும் இங்கேதான் தங்குவார்களாம். இப்போது ஓடுகளின் மேல் அரசங்கன்று முளைத்திருந்தது. நட்ட நடுப்பகல். வெயிலில் கண் கூசியது. ஆனால் திறந்து கிடந்த வாசலுக்குள் ஒரு அடிக்குமேல் பார்வை போகவில்லை. இருட்டு அங்கே உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

ஹோட்டலின் சொந்தக்காரர் ரவிதேஜா காரிலிருந்து இறங்கி வந்தார். நாற்பத்தைந்து வயது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. குரலில் பணிவு வழிந்தது.

"வாங்க மேடம், வாங்க தம்பி. இந்த வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

காருக்குள்ளிருந்து ஒரு ஸ்டீல் பாட்டிலை எடுத்து நீட்டினார். கிருபா அண்ணாந்து குடித்தான். தொண்டைக்குள் குளிர்ந்து இறங்கியது. வெட்டிவேர் வாசனை.

"ஏனுங்க, வெட்டிவேர் போட்ட தண்ணிங்களா? எங்க வீட்ல கேன் தண்ணியைக் கவுத்துறதுக்கே ஆள் கெடையாதுங்க."

"எங்க ஊட்டுச் சமையக்காரம்மா போடுறதுங்க," என்று சிரித்தார் ரவிதேஜா.

மதிவதனியும் இரண்டு வாய் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். "கட்டடம் உங்க பேர்லயா சார்?"

"எங்க தாத்தா கட்டுனதுங்க. எங்கண்ணன் நரசிம்மலுவுக்கும் எனக்கும் பாதிப் பாதி. அண்ணன் தவறி ரெண்டு வருசம் ஆச்சு. அவரு பங்கு இப்ப அண்ணிக்கு."

"அண்ணி எங்க இருக்காங்க?"

"திருப்பதியில, அவங்க அக்கா ஊட்ல. இந்தக் கட்டடம்னா அவங்களுக்கு உசிருங்க. இடிக்கறதைக் கண்ணால பாக்க மாட்டேன்னு போயிட்டாங்க."

"குழந்தைங்க?"

"இல்லீங்க. அவங்களுக்கு நான், எனக்கு அவங்க. அவ்ளோதான்." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "விசயம் இதுதானுங்க மேடம். மேஸ்திரியோட ஆளுங்க பேய்ன்னு பயந்து கட்டடத்துல கை வெக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு சுத்து சுத்திப் பாத்துப்போட்டு, உள்ள ஆருமில்லைன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மூணாம் மனுசங்க சொன்னா நம்புவாங்க."

"பாத்துட்டுச் சொல்றோம்."

"மேல மட்டும் ஏறிடாதீங்க. படிக்கட்டு இத்துப் போச்சு. நானே ரெண்டு வருசமா மேல போகல. நான் போயி உங்களுக்குச் சாப்பாடு வாங்கியாரேன்."

கார் கிளம்பியது. தூசி அடங்கியதும் அந்த இடம் இன்னும் அமைதியாகிவிட்டது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

மேஸ்திரி வெள்ளியங்கிரி புளியமரத்தடியில் தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாகக் கட்டடம் இடிப்பவர். கடப்பாரை பிடித்த கை. அந்தக் கை இப்போது பீடியைப் பற்றவைக்க மூன்று குச்சிகளை வீணாக்கியது.

"பத்து நாளைக்கு முன்னாலீங்க அம்மணி. ஜன்னலைக் கழட்டலாம்னு உள்ள போனோம். மத்தியானம் ஒரு மணி இருக்கும். மேல குடம் புடிக்கற சத்தம்."

"குடம்னு எப்பிடித் தெரிஞ்சுது?"

"என்னுங்க இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க? நம்மூருல பொறந்தவனுக்குக் குடம் நெறயற சத்தம் தெரியாதுங்களா? மொதல்ல கொடகொடன்னு கனமா இருக்கும். நெறய நெறய, சத்தம் மெலிசாகி மேல ஏறும். சமையக்கட்டுல இருந்தாலும் எங்கூட்டுக்காரி காதை வெச்சே சொல்லிப்போடுவா, கழுத்துக்கு வந்துருச்சு, ஓடியான்னு."

"கழுத்துக்கு வந்த பிறகு?"

"நின்னு போச்சுங்க."

"வழியலையா?"

"வழியலீங்க. பட்டுன்னு நின்னுது. அப்புறம் அடுத்த குடம். மூணு குடம் எண்ணுனேன். நாலாவது குடத்துக்கு நான் இங்க இல்லீங்க, ரோட்டுல இருந்தேன்."

ஆட்களில் யாரும் சிரிக்கவில்லை. மதிவதனி மட்டும் புருவத்தை லேசாக உயர்த்தினாள்.

"கிருபா, என்ன தோணுது?"

"பேய் குழாயைத் தொறக்கும்னு சொன்னா நம்புவேன்க்கா. மூடும்னு சொன்னா நம்ப மாட்டேன். எங்க வீட்ல உசிரோட இருக்கறவங்களே மூடறதில்ல."

"அதேதான்," என்றாள் மதிவதனி. "காத்து அடிச்சா குழாய் அலறும், தட்டும், தானா ஊத்தக்கூடச் செய்யும். குடம் நெறஞ்சதும் நிறுத்தறதுக்கு ஒரு கை வேணும். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாதுங்கற மனசும் வேணும்."

வெள்ளியங்கிரி பீடியைக் கீழே போட்டார். "அம்மணி, ஒண்ணு சொல்றேன். உள்ள பேய் இருந்தா எனக்குப் பயம். ஆனா ஆள் இருந்து, நான் மேல மிசினை உட்டு..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "எனக்கும் பொண்டு புள்ளைக இருக்குதுங்க. நீங்க பாத்து, ஆருமில்லைன்னு உங்க வாயால சொன்னாத்தான் நாளைக்கு நான் மிசினைத் தொடுவேன். சொல்லாட்டி ரவி சாரு எத்தனை கத்துனாலும் தொட மாட்டேன்."

அந்தப் பாரம் தன் தலையில் இறங்கியதுபோல் கிருபா கழுத்தைத் தடவிக்கொண்டான்.

ஹோட்டலுக்குப் பின்பக்கம், வேலியை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீடு. பாப்பாயி அதில் ஆடு வளர்த்துக்கொண்டு தனியாக இருந்தாள். அறுபது வயது. பேய்க் கதை கேட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவள்தான் வழிகாட்டி. செல்போனில் வீடியோ எடுக்கும்போது சேலையைச் சரிசெய்துகொள்ளக்கூடக் கற்றிருந்தாள்.

"உக்காரு கண்ணு. துரை கதை சொல்லட்டுமா, நாடகக்காரி கதை சொல்லட்டுமா?"

"எது கம்மியாப் பயமா இருக்குமோ அது," என்றான் கிருபா.

"துரை மில்லுக்கு மிசின் பூட்ட வந்தவன். காய்ச்சல் கண்டு எட்டாம் நம்பர் ரூம்புல செத்தான். ராத்திரியானா பூட்ஸு போட்டுக்கிட்டு மேல நடப்பான். டக்கு, டக்கு, டக்கு. ஒரு நாளு எங்கூட்டு வாசல் வரைக்கும் வந்து நின்னுபோட்டான். ஆடுக ஒண்ணுகூடக் கத்தல, பாத்துக்க. நாடகக்காரி கெணத்துல உழுந்தவ. அவ சிரிப்பா. அதும் ராத்திரிதான்."

"குடம் பிடிக்கற பேய் எந்தக் காலத்துதும்மா?" என்று கேட்டாள் மதிவதனி.

பாப்பாயி சேலையைச் சரிசெய்துகொண்டாள். "அது... அதும் பழசுதான் அம்மணி."

"துரை ராத்திரி வர்றாரு. நாடகக்காரி ராத்திரி வர்றாங்க. இது மட்டும் மத்தியானம் வருது. அமாவாசை பாக்கல, வெள்ளிக்கிழமை பாக்கல. பத்து நாளைக்கு முன்னால வந்துச்சாம். இங்க குழாய்ல சிறுவாணித் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா உடுறாங்க?"

பாப்பாயி வேலிப் பக்கம் பார்த்தாள். ஒரு ஆடு வந்து அவள் முந்தானையைக் கடித்து இழுத்தது.

"பத்து நாளைக்கு ஒருக்காவா?"

"...ஆமா."

மதிவதனி வாசலைக் காட்டினாள். ஐந்து குடங்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பச்சை பிளாஸ்டிக். ஒவ்வொன்றின் வாயிலும் செங்கல் நிறத்தில் துருக்கறை. "உங்க வீட்டு வாசல்ல இருக்கறது பிளாஸ்டிக் குழாய். அதுல துரு வராது. இந்த ஹோட்டல்ல பழைய இரும்புக் குழாய். வேலியில ஒரு ஆள் நுழையற மாதிரி சந்து வேற இருக்குது."

கிருபா கையைத் தட்டினான். "ஓஹோ! பேய்க்குப் பேரு பாப்பாயி! ஊரையெல்லாம் தொரத்தி உட்டுட்டு சிறுவாணித் தண்ணி மொத்தத்தையும் தானே புடிச்சிருக்குது!"

பாப்பாயி முகத்தைச் சேலையால் துடைத்தாள். வெட்கமும் சிரிப்புமாக வந்தது. "எங்கூட்டுக் குழாயில மூணு குடம் வரதுக்குள்ள நின்னுருது கண்ணு. ஆட்டுக்கு நான் எங்க போறது? பேயின்னு ஒரு சொல்லு சொன்னா ஒருத்தரும் வாரதில்ல. ஆருக்கும் கெடுதல் பண்ணலியே."

"கேஸ் முடிஞ்சுதுக்கா," என்றான் கிருபா. "மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டு, ரவி சார் வாங்கியாற பிரியாணியைச் சாப்ட்டுட்டு..."

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ பெருமூச்சு விட்டது.

கிருபா நின்றான். ஹோட்டலின் பின்கட்டில் இருந்த இரும்புக் குழாய் அது. உஸ்ஸென்று காற்றைத் துப்பியது. இரண்டு தரம் இருமியது. பிறகு துருத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

"இன்னைக்குத் தண்ணி நாளு," என்றாள் பாப்பாயி.

குடத்தை எடுக்க அவள் நகரவில்லை. அண்ணாந்து மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் முன்புவரை முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

மேலேயிருந்து கேட்டது.

கொட, கொட, கொட.

வெறும் குடத்தின் அடியில் தண்ணீர் விழும் சத்தம். கனமாக, மெதுவாக.

"நீங்கதான் அந்தப் பேய்ன்னு இப்பத்தானே முடிவாச்சு," என்றான் கிருபா பாப்பாயியிடம். "நீங்க இங்க இருக்கீங்க."

"நான் கீழ்க் குழாயிலதான் புடிப்பேன் கண்ணு. ஒரு நாளும் மேல ஏறுனதில்ல." அவள் குரல் இறங்கியது. "அது வேற. அது நாலு தண்ணிக்கு முன்னாலருந்து கேக்குது. மொதல் தடவை நான் குடத்தைப் போட்டுப்போட்டு ஓடியாந்தேன். நான் கட்டி உட்ட கதையே நெசமாயிருச்சோன்னு மாரியாத்தாளுக்கு மஞ்சத்துணி முடிஞ்சு வெச்சிருக்கேன்."

நாலு தண்ணி. நாற்பது நாள். சத்தம் மெலிந்து மேலே ஏறியது. கழுத்துக்கு வந்தது.

நின்றது.

பட்டென்று ஒரு அமைதி. பிறகு அடுத்த குடம்.

மதிவதனி நடக்க ஆரம்பித்திருந்தாள். "கிருபா, மேஸ்திரிக்குப் போன் போடு. உடனே உள்ள வரச் சொல்லு. சத்தமில்லாம."

"அக்கா, படி இத்துப் போச்சுன்னு..."

"வா."

ஹோட்டலுக்குள் வௌவால் நாற்றம். கூடத்தில் ஒரு கடிகாரத்தின் வெறும் கூடு சுவரில் தொங்கியது. கால்வைத்த இடமெல்லாம் தூசி பொதபொதவென்று அமுங்கியது. வெளியே வெயில் அடிக்கிறது என்பதை நம்ப முடியவில்லை. மாடிப்படி ஒரு மூலையில் வளைந்து ஏறியது. மதிவதனி முதல் படியில் குதிகாலை ஊன்றி அழுத்தினாள். இரண்டாவது படி. மூன்றாவது. தேக்குக் கட்டை. கல் மாதிரி இருந்தது. ஒரு முனகல்கூட இல்லை.

அவள் திரும்பி கிருபாவைப் பார்த்தாள்.

இத்துப் போகாத படியை ஏன் ஒருவர் இத்துப் போனது என்று சொல்ல வேண்டும்? கிருபா அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்தான். இப்போது அதற்கெல்லாம் தலையில் இடமில்லை. மேலே குடம் நிறைந்துகொண்டிருந்தது.

மாடியில் நீளமான வராந்தா. ஒரு பக்கம் கதவுகள். எட்டாம் எண் அறையைத் தாண்டும்போது துரையின் பூட்ஸ் நினைவுக்கு வந்தது. வேண்டுமென்றே சுவரோரமாக நடந்தான். ஒன்பது, பத்து, பதினொன்று. கடைசிக் கதவு பதினான்கு. சத்தம் அதற்குள்ளிருந்துதான் வந்தது. கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி. அதில் வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் குறுக்கே ஒரு நிழல் கடந்து போனது.

கிருபா பின்னால் ஒரு அடி வைத்தான். அவன் செருப்பின் கீழ் உடைந்த ஓட்டுச் சில்லு நொறுங்கியது.

குடம் பாதியில் நின்றுவிட்டது.

இதுவரை எல்லாக் குடமும் கழுத்து வரை நிறைந்துதான் நின்றது. இது பாதியில். அப்படியென்றால் உள்ளே இருப்பதற்குக் காது கேட்கிறது. அது இவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அவன் வாய் ஓய்ந்தது. நாலு வருடத்தில் மூன்றாவது முறை.

"உள்ள ஆருங்க?" என்றாள் மதிவதனி.

கிருபா கதவைத் தள்ளிப் பார்த்தான். உள்பக்கம் தாழ்ப்பாள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளியங்கிரி ஓசையில்லாமல் படியேறி வந்து நின்றார். கையில் கடப்பாரை. கதவைக் காட்டி, நெம்பட்டுமா என்று கண்ணால் கேட்டார்.

மதிவதனி வேண்டாம் என்று தலையசைத்தாள். கதவு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். களைத்துப்போய் ஒரு வீட்டு வாசலில் உட்காரும் பெண்ணைப்போல.

"ஏனுங்க," என்று கூப்பிட்டாள். "வெயில்ல ரொம்ப தூரம் வந்துட்டோமுங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

அமைதி.

எங்கோ ஒரு வௌவால் இறக்கையை உதறியது. பேயிடம் தண்ணீர் கேட்கிறாள், அதுவும் மரியாதையோடு. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே ஏதோ அசைந்தது. சேலை உரசும் ஓசை. பானையின் மூடியைத் தூக்கி வைக்கும் ஓசை. தண்ணீருக்குள் சொம்பு முங்கும் ஓசை.

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. அந்த இடுக்கிலிருந்து ஒரு கை வந்தது. மெலிந்த, வளையல் இல்லாத கை. விரல்களில் ஈரம் சொட்டியது. அந்தக் கை ஒரு பித்தளைச் சொம்பை நீட்டியது.

"குடிங்க," என்றது ஒரு பெண் குரல். "கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாது. குடிச்சுப்போட்டு பொட்டாட்ட, சத்தமில்லாமக் கெளம்பீருங்க. நான் இங்க இருக்கறது ஆருக்கும் தெரியக் கூடாது."

மதிவதனி அண்ணாந்து குடித்தாள். பிறகு சொம்பை கிருபாவிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் விரல்கள் அவன் கையை ஒரு தரம் அழுத்தின. அவன் குடித்தான். மண்பானையின் குளிர்ச்சி. அதற்கு மேலே ஒரு வாசனை.

வெட்டிவேர்.

இன்றைக்கு இது இரண்டாவது முறை. முதல் முறை ஒரு ஸ்டீல் பாட்டிலில். கிருபா எதையோ சொல்ல வாயெடுத்தான். மதிவதனியின் கண்கள் அவனை நிறுத்தின.

"நல்ல தண்ணிங்கம்மா," என்றாள் அவள். "நீங்க நரசிம்மலு சாரோட சம்சாரமுங்களா?"

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. ஐம்பத்தெட்டு, அறுபது வயது இருக்கும். பருத்திச் சேலை. நெற்றியில் பொட்டு இல்லை. அவளுக்குப் பின்னால் ஒரு பாய், ஒரு மண்பானை, சுவரில் மாலை போட்ட ஒரு ஆணின் படம், கழுத்துவரை நிறைந்த மூன்று குடங்கள், பாதி நிறைந்த ஒரு குடம்.

"வெங்கடம்மாள்," என்றாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க அந்த மெட்ராஸ் பார்ட்டியோட ஆளுகளா?"

"இல்லீங்க. நாங்க பீளமேடு. எந்த மெட்ராஸ் பார்ட்டி?"

"கள்ளப் பத்திரம் எழுதிக்கிட்டு, இடிக்க வாராங்களே அவங்க. ஆள் குடியிருக்கற கட்டடத்தை இடிக்க முடியாதாமா. கோர்ட்டுல தடை வாங்கற வரைக்கும் நான் உள்ள இருந்தாப் போதுமாமா." அவள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு பொறந்த கட்டடமுங்க இது. பதினாலாம் நம்பர்லதான் பொறந்தாரு. இதைக் காப்பாத்தோணும்னா நாப்பது நாள் என்ன, நானூறு நாளும் இருப்பேன். இருட்டுலயும் இருந்துக்குவேன். சத்தம் போடாமத்தான் இருந்தேன். ஆனா தண்ணி வந்தாக் கை நிக்க மாட்டேங்குதுங்க. சிறுவாணித் தண்ணி கீழ போகுதுன்னா மனசு கேக்க மாட்டேங்குது."

கிருபாவுக்கு எல்லாம் புரிந்ததுபோல் இருந்தது. பேச்சும் திரும்பி வந்தது. "அம்மா, மெட்ராஸ் பார்ட்டியெல்லாம் இல்லீங்க. இடிக்கறது உங்க ரவிதேஜாதான். நீங்க திருப்பதியில இருக்கறதா நெனச்சுட்டு இருக்காரு. அவருக்குத் தெரியாம ஒளிஞ்சு உக்காந்துட்டு, இன்னைக்கு மட்டும் நாங்க வராம இருந்திருந்தா..."

வெங்கடம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒன்றும் தெரியாமல் பேசும் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"என்ன கண்ணு பேசறே? அவருக்குத் தெரியாமயா?"

கீழே கார் வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம்.

வெள்ளியங்கிரியின் கை கடப்பாரையை இறுக்கிப் பிடித்தது. மதிவதனி எழுந்து நின்றாள். அவள் குரல் மாறவில்லை. ஆனால் முகத்தில் ரத்தம் இல்லாததை கிருபா பார்த்தான்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்களை இங்க கூட்டியாந்தது ஆரு?"

"ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேனுங்க."

"மேடம்?" கூடத்திலிருந்து ரவிதேஜாவின் குரல். பணிவு குறையவே இல்லை. "மேலயா போனீங்க? படி இத்துப் போச்சுன்னு சொன்னேனுங்களே."

முதல் படியில் ஒரு செருப்பு ஏறியது. இரண்டாவது படி. அந்தத் தேக்குப் படிகள் முனகவில்லை. ஏறுகிற காலுக்கு அவை நன்றாகப் பழகியவை.

"இந்த மேஸ்திரிதான் நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு மிசினை ஓட்டறவரு," என்றாள் மதிவதனி மெதுவாக. "உள்ள ஆருமில்லைன்னு அவருகிட்ட நாங்க சொல்லணும். அதுக்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. இப்ப சொல்லுங்கம்மா."

வெங்கடம்மாள் மேஸ்திரியைப் பார்த்தாள். கடப்பாரையைப் பார்த்தாள். படிக்கட்டுப் பக்கம் காது கொடுத்தாள். அந்தக் காலடி யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காலி பாட்டிலோடு வருவார், நிரப்பிக் கொடுத்து அனுப்புவாள். வழக்கம்போல அவள் கை சொம்பைத் தேடி நீண்டது.

பாதி வழியில் நின்றது.

"எங்க கொழுந்தனாருதானுங்க சோறு கொண்டாருவாரு," என்றாள். ஒவ்வொரு சொல்லையும் அவளே அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பதுபோல் சொன்னாள். "நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு என்ன சத்தம் கேட்டாலும், சுவரே ஆடுனாலும், தாழ்ப்பாளைத் தொறந்து வெளிய வந்துறாதீங்க அண்ணின்னு சொல்லிச் சொல்லி, என்னைய இங்க கூட்டியாந்து உட்டதே அவருதானுங்க."